தாழப் பறந்து வந்தவர்

முகப்பேர் கிழக்கு
மே 18, 2025

அன்புள்ள உத்தமா,

நீ அனுப்பிய நாலு வரி நேற்று வந்தது. கையெழுத்து கோணாமல் இருந்ததால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு இரத்த அழுத்தம் வழக்கம்போல், வெயில் வழக்கத்தைவிட அதிகம். கோவில்பதாகையில் உன் மனைவியும் மகள் பவ்யாவும் சௌக்கியம். உன் படைப்பிரிவில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள் என்று சௌம்யா வருத்தப்பட்டாள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. போனில் நீ கத்துவாய். கடிதத்தில் கத்த முடியாது.

எல்லையில் டிரோன் வருகிறது என்று செய்தியில் சொன்னாலும் சொன்னார்கள், எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் உலகநாதன் விளக்கணைப்பு ஒத்திகை அறிவித்துவிட்டார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மனைவி இல்லை, பொழுது நிறைய இருக்கிறது. அரசாங்கம் யாரையும் கேட்கவில்லை. இவராகவே கூட்டம் போட்டார்.

"ஆவடி டேங்க் ஃபேக்டரிய அடிக்க வர்ற விமானம் நம்ம பிளாக் மேலதான் திரும்பணும், மேடம்."

"ஆயிரம் மைல் தாண்டி வர்ற விமானத்துக்கு நம்ம மொட்டை மாடி பல்புதான் அடையாளமா, சார்?"

"நீங்க புள்ளிவிவரம் பேசறீங்க. நான் பாதுகாப்பு பேசறேன்."

புள்ளியியல் கற்பிக்கிறவளுக்கு இதைவிட நல்ல பாராட்டு கிடைக்காது என்று உட்கார்ந்துவிட்டேன். மாலை ஏழரைக்கு விளக்குகள் அணைந்தன. காவலாளி முகமது ஆசிக் விசிலோடு சுற்றினார். "யாரு ஊட்ல லைட்டு எரியுது? மூணாவது மாடி, அணைச்சிகினு உள்ள போம்மா." கடைசிவரை எரிந்தது ஒரே ஒரு விளக்கு, செயலாளர் வீட்டுக் குளியலறையில். இன்வெர்ட்டர் இணைப்பாம், அவருக்கே தெரியாதாம். எதிர் பிளாக் தசரதன் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

உன் கடைசி வரிக்குப் பதில்: வேண்டாம். வரும் மாசியில் எனக்கு ஐம்பது. கல்யாணத்தின் மீது கோபமில்லை, அதற்கு முன்னால் எழும் சத்தம்தான் பயம். இருபத்தேழு வயதில் ஒரு வரன் முடிவாகும் முன்பே அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தார். வரன் நின்றது. ஒரு வருடம் ஆளாளுக்கு என்னை நிறுத்தி ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை இன்னொரு முறை கேட்க என்னிடம் தெம்பில்லை.

தூக்கத்தை விட்டுவிடாதே.

உன் அக்கா,
வனஜா


ராணுவத் தபால் வழி
ஜூன் 4, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே மணல் உப்பைப் போல எல்லாச் சாப்பாட்டிலும் இருக்கிறது, மற்றபடி குறையில்லை. எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? போட்டேன் என்று சும்மா எழுதாதே, சௌம்யாவை விட்டு அட்டையைப் பார்க்கச் சொல்வேன்.

குளியலறை விளக்குக் கதையை எங்கள் பீரங்கிக் குழுவுக்கு இந்தியில் சொன்னேன். மூன்று நாளாக யார் டார்ச்சை மறந்து எரியவிட்டாலும் 'உலகநாதன் சாப்' என்று கூப்பிடுகிறார்கள்.

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று எப்போதும் கேட்பாய். பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரேடார் ஒரு சுற்று சுற்றும்போது திரையில் ஒரு புள்ளி தெரிந்தால் அதை நம்ப மாட்டோம். நாரையாக இருக்கலாம், காற்றில் எழும்பிய பையாக இருக்கலாம். மூன்று சுற்றில் தொடர்ந்து வந்தால்தான் எண் கொடுத்துப் பின்தொடர்வோம். அப்போதும் முதல் வேலை சுடுவதில்லை, அது நம்முடையதா என்று கேட்பது. நம் விமானம் மேலே இருந்தால் 'நிறுத்தி வை' என்று உத்தரவு வரும். பீரங்கியின் மிதிவிசையில் காலை வைத்துக்கொண்டு சுடாமல் இருப்பது எப்படி என்பதைத்தான் இருபத்தைந்து வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது, ரகசியம் இல்லை.

மற்ற பேச்சை நான் எடுக்கவில்லை, அக்கா. ஆனால் போன வருடம் மாடிப்படியில் விழுந்து, நீயே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு வாரம் கழித்து எங்களுக்குச் சொன்னாய். மணல்மேட்டில் சும்மா நிற்கிறபோது அந்த ஆட்டோதான் ஞாபகம் வருகிறது. பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் என் ஆசை. சத்தம் வேண்டாமென்றால் சத்தமில்லாமலே.

உன் தம்பி,
உத்தமன்


முகப்பேர் கிழக்கு
ஜூன் 25, 2025

அன்புள்ள உத்தமா,

மாத்திரை அட்டையை சௌம்யா வந்து பார்த்துவிட்டாள், தாராளமாகப் பார்க்கட்டும். உனக்கு இருமல் என்று அவளுக்கு எழுதினாயாம், எனக்கு ஏன் எழுதவில்லை? வெந்நீர் கிடைக்கிற இடமா அது?

உலகநாதனின் போர் தொடர்கிறது. இப்போது மணல் மூட்டை. வண்டி நிறுத்துமிடத்தில் சுவர் மாதிரி அடுக்கிவிட்டார். ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் பத்துப் பேர் தெருவில் நிறுத்துகிறோம். எழுத்தில் கேட்டேன், எழுத்தில் பதில் வந்தது: 'தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது.' அந்த மூட்டைகளில் ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தவரை திட்டம் வெற்றிதான்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. சமையலறைக் கதவு நாலு வருடமாகத் தரையில் உரசிக்கொண்டிருந்ததே, இப்போது சத்தமில்லாமல் மூடுகிறது. காலையில் அம்பத்தூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறேன், டாக்டர் சொன்னது. பூந்தமல்லியில் ஒரு நந்தியாவட்டைச் செடி வாங்கினோம், பால்கனியில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா தெரியவில்லை.

பவ்யா உன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு டியூஷன் போகிறாள். திட்டாதே.

உன் அக்கா,
வனஜா


ராணுவத் தபால் வழி
ஜூலை 14, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. வெந்நீர் கேட்டால் கிடைக்கும், கேட்க வெட்கம். உன் கால் வலி எப்படி? ஏரி வரை நடந்தால் முட்டிக்குத் துணி கட்டிக்கொள்.

நீ செடி வளர்க்கிறாய் என்பதை சௌம்யாவுக்கு எழுதினேன். 'அண்ணியா?' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

இந்த வாரம் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். உனக்குப் பிடிக்கும், சொல்கிறேன். எதிரி முதலில் மலிவான வெற்று டிரோன்களை உயரமாக, பளிச்சென்று தெரிகிற மாதிரி அனுப்புவான். அதில் ஒன்றும் இருக்காது. நாம் அதைப் பார்த்து ரேடாரைத் திருப்பி, குண்டைச் செலவழித்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் நிஜமானது வயலையும் மரத்தையும் ஒட்டித் தாழப் பறந்து வந்துவிடும். தரையோடு தரையாக வருவதை ரேடாரால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் இவ்வளவு கருவி இருந்தும் மேட்டில் ஒரு ஆளை பைனாகுலரோடு நிறுத்துகிறோம். 'சத்தமாக வருகிறவனை நம்பாதீர்கள்' என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

உலகநாதன் மூட்டையை எடுத்தாரா? அவர் எப்படிப்பட்ட மனிதர்? பிள்ளைகள் இருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி,
உத்தமன்


முகப்பேர் கிழக்கு
ஆகஸ்ட் 8, 2025

அன்புள்ள உத்தமா,

வெந்நீர் கேட்க வெட்கப்படுகிற சுபேதாரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். முட்டிக்குத் துணி கட்டத் தேவையில்லை, வலி குறைந்திருக்கிறது.

உலகநாதனுக்கு ஒரு மகன், கோயம்புத்தூரில். மருமகள் இங்கே அடிக்கடி வந்துபோகிறாள். மூட்டையை எடுக்கவில்லை. சுதந்திர தினத்துக்கு அதன்மேல் ஏறி நின்று கொடியேற்றப் போகிறாராம். சங்கக் கூட்டத்தில் மறுபடி சண்டை போட்டேன். 'மேடம் இல்லாத கூட்டம் எனக்குக் கூட்டமே இல்லை' என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். இந்த மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், இடம் போதாது.

நான் நன்றாக இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன். கேழ்வரகு தோசை இப்போது பிய்யாமல் வருகிறது. நந்தியாவட்டை பூத்துவிட்டது. உன் வகுப்பைப் பற்றிப் படித்தபோது காபி புரைக்கேறியது, ஏனென்று கேட்காதே.

உன் அக்கா,
வனஜா


ராணுவத் தபால் வழி
ஆகஸ்ட் 27, 2025

மதிப்பிற்குரிய திரு. உலகநாதன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்று வணங்கி எழுதுகிறேன். நான் தங்கள் குடியிருப்பில் வசிக்கும் பேராசிரியை வனஜாவின் தம்பி, வான் பாதுகாப்புப் படைப்பிரிவில் சுபேதார்.

என் அக்காவின் கடிதங்களில் தங்கள் பெயர் தொடர்ந்து மூன்று முறை வந்திருக்கிறது. என் தொழிலில் இதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அவர் யாரைப் பற்றியும் இவ்வளவு எழுதுகிறவர் இல்லை. திட்டுவது போலத்தான் எழுதுகிறார், ஆனால் சமீபமாக அவர் செடி வளர்க்கிறார், கால் வலி குறைந்துவிட்டது என்கிறார்.

எங்களுக்குப் பெற்றோர் இல்லை. எனவே நானே கேட்க வேண்டியிருக்கிறது. தங்களுக்கும் அப்படி ஒரு எண்ணம் இருக்குமானால் தயங்க வேண்டாம். இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும். யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

பணிவுடன்,
சு. உத்தமன்


முகப்பேர் கிழக்கு
செப்டம்பர் 15, 2025

உத்தமா,

உன் உடல்நலத்தை விசாரிக்கும் மனநிலை இல்லை. ஆனாலும் நீ எல்லையில் நிற்கிறாய், ஆகவே விசாரிக்கிறேன். நலமா?

போன ஞாயிறு காலை உலகநாதன் கஞ்சி போட்ட சட்டையில், மருமகளோடு, ஒரு தட்டு ஆப்பிளோடு வந்தார். உட்காரவில்லை.

"மேடம், உங்க தம்பி லெட்டர் படிச்சேன். நாட்டுக்காக நிக்கிறவர் கேக்கும்போது முடியாதுன்னு சொல்றது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். ஆனா எனக்கு சுகர். பையன் வேற கோயம்புத்தூருக்கே வந்துடுன்றான். நான் அறியாம உங்க மனசக் கலைச்சிருந்தா மன்னிக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா எல்லார்கிட்டயும் இப்படித்தான் ஆன்ட்டி பேசுவாரு, நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க."

யோசித்துப் பார். நான் கேட்காத ஒரு மனிதர், எனக்கு வேண்டாத ஒரு மனிதர், ஆப்பிளோடு வந்து என்னை நிராகரித்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் இரண்டு பிளாக்குக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பால் வாங்கக் கீழே போனால் ஆசிக், "இன்னா மேடம், செகரட்டரி வேணான்ட்டாராமே? உடு மேடம், அந்தாளுக்குக் குடுத்து வெக்கல," என்றார். மாடி ஏறுவதற்குள் இன்னும் நாலு ஆறுதல். கதவைச் சாத்திக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் கழித்து அதே ஒரு வருடம் மறுபடி தொடங்கப்போகிறது என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு அழைப்பு மணி. தசரதன். எதிர் பிளாக்கில் இருப்பவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை, மனைவி இறந்து எட்டு வருடம். அதுவரை அவர் என் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை, சமையலறைக் கதவை இழைக்க. மற்றபடி பேச்செல்லாம் காலை நடையில், ஏரிக்கரையோடு சரி. இந்த முறை படிக்கட்டு முழுக்க ஆள் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"செயலாளர் போட்டியிலேருந்து விலகிட்டாராமே?"

"ஆமா. ரொம்ப வருத்தப்பட்டு விலகினார்."

"அப்ப எடம் காலி. நான் மனு போடலாமா?"

"டெபாசிட் போயிடும்."

"போனா போகுது. கட்டித்தான் பாப்போமே."

நான் சிரித்தேன், உத்தமா. எதிர்வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்குச் சிரித்தேன். இரண்டாவது மாடியிலிருந்து யாரோ, "என்னாச்சு மேடத்துக்கு?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் ஆகல, உள்ள வாங்க," என்று அவரிடம் சொன்னேன், கதவைத் திறந்தே வைத்தேன். மறுநாளிலிருந்து யாரும் ஆறுதல் சொல்லவில்லை. தேதி எப்போது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இவ்வளவு பயந்தேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

செடியும் அவர் வாங்கச் சொன்னதுதான். தோசையும் அவர் சொல்லிக்கொடுத்த பக்குவம். உலகநாதனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினால் மற்றதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நீயோ, சத்தமாக வருகிறவனை நம்பாதே என்று வகுப்பெடுத்துக் கைதட்டு வாங்கிவிட்டு, சத்தமாக வந்தவரையே குறிபார்த்துச் சுட்டிருக்கிறாய். அதுவும் 'நிறுத்தி வை' என்று நான் மே மாதமே உத்தரவு போட்ட பிறகு.

பதில் எழுது. கோபம் பாதி தீர்ந்துவிட்டது.

அக்கா


ராணுவத் தபால் வழி
செப்டம்பர் 30, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காதில் மட்டும் வலி. போன் திரும்பக் கிடைத்த அன்றே சௌம்யா அரை மணி நேரம் திட்டினாள். அவளுக்கு ஆனி மாதமே தெரியுமாம். மாத்திரை அட்டையைப் பார்க்க வந்த அன்று உன் அலமாரியில் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்ததாம். "அண்ணி தனியா இருக்கற ஊட்ல எதுக்கு ரெண்டு டம்ளர்?" ஏன் எனக்கு எழுதவில்லை என்றேன். "எழுதினா நீ இன்னா பண்ணுவேன்னு தெரியும், அதான்," என்றாள். மேட்டில் நிறுத்தவேண்டிய ஆளை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உலகநாதன் அவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் போட்டாயிற்று. போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், அழுவேன், பக்கத்துக் கூடாரத்தில் எழுந்துவிடுவார்கள்.

எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவரையே எழுதச் சொல். நீ எழுதினால் மறைத்துவிடுவாய்.

உன் தம்பி,
உத்தமன்


முகப்பேர் கிழக்கு
அக்டோபர் 22, 2025

அன்புள்ள மச்சானுக்கு,

இப்படித் தொடங்கலாமா என்று இரண்டு தாள் கிழித்தேன். வயதில் நான் மூத்தவன், ஆனால் பெண் வீட்டில் பெரியவர் நீங்கள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம், மழை மட்டும் அளவில்லாமல்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐம்பத்து மூன்று. மகன் புனேயில், விஷயத்தைச் சொன்னதும், "அப்பா, அவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று மூன்று முறை கேட்டான். சத்தமாகப் பேச வராது. அன்று படிக்கட்டில் பேசியதை ஏரிக்கரையில் நாலு நாள் ஒத்திகை பார்க்க நேரமிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பேன். நேரமில்லை. கீழே ஆசிக் உங்கள் அக்காவுக்கு ஆறுதல் சொன்னதைக் கேட்டேன், உங்கள் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அப்படியே படியேறிவிட்டேன்.

உங்கள் அக்கா எதையும் எளிதில் நம்ப மாட்டார். என்னையும் இன்னும் முழுதாக நம்பவில்லை என்கிறார். ஆனால் போன வாரம் கல்லூரியில் கால் இடறியபோது, ஆட்டோவில் ஏறும் முன்பே எனக்குப் போன் செய்தார். லேசான சுளுக்குதான், இப்போது சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனேன். வழியெல்லாம், தினமும் நடக்கச் சொன்ன டாக்டரின் கணக்கு எங்கே தப்பு என்று விளக்கிக்கொண்டு வந்தார்.

திருமுல்லைவாயில் கோயிலில், கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். நாள் பார்க்கப் போனோம். 'என் தம்பிக்கு லீவு கிடைக்கிற நாள்தான் நல்ல நாள், அதைச் சுற்றி நீங்கள் பொருத்திக்கொள்ளுங்கள்' என்று ஜோசியரிடம் சொன்னார். பொருத்திவிட்டார். உலகநாதன் தான் பந்திக்குப் பொறுப்பு என்று அறிவித்திருக்கிறார். தடுக்க முடியவில்லை.

சீக்கிரம் வாருங்கள்.

அன்புடன்,
தசரதன்


புது டெல்லி ரயில் நிலையம்
நவம்பர் 24, 2025

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. நடைமேடையில் டீ குடித்துக்கொண்டு எழுதுகிறேன். உடம்பு நலம், லீவு முழுதாகக் கிடைத்தது, பையில் அக்காவுக்குக் கம்பளி ஒன்று இருக்கிறது. சென்னையில் கம்பளி எதற்கு என்று கேட்பாள், கேட்கட்டும்.

இதைப் போடாமலே நேரில் வந்துவிடலாம். ஆனால் ஏழு மாதமாக எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. தபால் எப்படியும் எனக்குப் பின்னால்தான் வரும். மழையில் இன்னும் தாமதமானால் கல்யாணம், பந்தி, போட்டோ எல்லாம் முடிந்து, நான் கோவில்பதாகையில் பாயில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பேன். அதனால் என்னென்ன நடந்தது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

மாமா, ஆட்டோ விஷயம் எழுதினீர்களே, அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

உறையின் மேல் உங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஷாதி கா கார்ட் ஹை க்யா?" கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். இல்லை, எங்கள் வீட்டு விலாசம் என்றேன்.

யார் கைக்கு முதலில் வந்தாலும் பிரித்து, மற்றவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

உங்கள்,
உத்தமன்